நானே காசு கொடுத்து எழுத்தாளனான கதை

எங்கள் வீட்டு மாடிப்படிக்குக் கீழே ஐந்து அட்டைப்பெட்டிகள் இருக்கின்றன. உள்ளே 136 பிரதிகள். அத்தனையும் நான் எழுதிய ஒரே நாவல். பெட்டிகளின் மேல் இப்போது இட்லி அரிசி மூட்டை உட்கார்ந்திருக்கிறது. வீட்டுக்கு வருகிறவர்கள் யாராவது "பெட்டியில் என்ன?" என்று கேட்டால், "தராசு சாமான்" என்று சொல்லிவிடுவாள் என் மனைவி. அந்தப் பெட்டிகள் வந்து சேர்ந்த கதைதான் இது. 2022 ஜூன் மாதம் யாராவது என்னைக் கையைப் பிடித்து உட்கார வைத்து இதைச் சொல்லியிருந்தால் 77,900 ரூபாய் மிஞ்சியிருக்கும். யாரும் சொல்லவில்லை. நானும் யாரிடமும் கேட்கவில்லை. கேட்டால் வேண்டாம் என்று சொல்லிவிடுவார்களோ என்ற பயம்.

விருதுநகரில் தராசு பழுதுபார்க்கும் கடை வைத்திருக்கிறேன். பருப்பு மண்டி, வத்தல் மண்டி, மளிகைக் கடைகள், சில நகைக்கடைகள், இவர்கள்தான் வாடிக்கையாளர்கள். அப்பா காலத்தில் தட்டுத் தராசும் படிக்கல்லும். என் காலத்தில் எலக்ட்ரானிக் தராசு. ஒருமுறை நகைக்கடைக்காரர் ஒருவர் இங்கே சரிபார்த்துக் கொடுத்த தராசை ஊட்டியில் இருக்கும் மைத்துனர் கடைக்கு அனுப்பிவிட்டார். அங்கே எடை கொஞ்சம் மாறுகிறது என்று போன் வந்தது. தராசில் பழுது ஒன்றுமில்லை. மலை உயரத்தில் புவியீர்ப்பு நூலிழை குறைவு. நுட்பமான தராசை அது வேலை செய்யும் இடத்தில் வைத்துத்தான் சரிசெய்ய வேண்டும். அன்றிரவு தூக்கம் வரவில்லை. ஊட்டிக்கே இப்படியென்றால் வேறு ஓர் உலகத்தில் மண்டி வைத்தால் என்ன ஆகும்? இந்தக் கேள்விதான் என்னை அறிவியல் புனைகதைக்குள் இழுத்துப் போட்டது.

கதைக்குச் சனியின் நிலாவான டைட்டனைப் பிடித்துக்கொண்டேன். 2005 பொங்கல் நேரத்தில், ஜனவரி 14 அன்று, ஹைகன்ஸ் என்ற ஐரோப்பிய ஆய்வுக்கலம் அங்கே இறங்கிய செய்தியைப் படித்தது மனத்தில் கிடந்தது. ஈர்ப்பு நம்முடையதில் ஏழில் ஒரு பங்கு. காற்றழுத்தம் நம்முடையதைப்போல் ஒன்றரை மடங்கு. குளிர் மைனஸ் 179 டிகிரி. மழை பெய்யும், ஆனால் தண்ணீர் மழை கிடையாது, மீத்தேன். கடையை மூடிய பிறகு இரவு 9 மணியிலிருந்து 11 மணி வரை, நான்கு ஆண்டுகள் எழுதினேன்.

அந்த நான்கு ஆண்டுகளில் நான் கற்றுக்கொண்ட உருப்படியான பாடம் என் மகளிடமிருந்து வந்தது. அவள் அப்போது பிளஸ் டூ. முதல் வரைவில் டைட்டனில் இருக்கும் கதாநாயகி சாத்தூரில் இருக்கும் அம்மாவோடு போனில் சண்டை போடுவாள். மகள் படித்துவிட்டு, "அப்பா, சனி மிகப் பக்கத்தில் வரும்போதே 120 கோடி கிலோமீட்டர். ஒளி ஒரு நொடிக்கு 3 லட்சம் கிலோமீட்டர். வகுத்துப் பாருங்கள்" என்றாள். வகுத்தேன். 4,000 நொடி. ஒரு சொல் போய்ச்சேர 67 நிமிடம், பதில் திரும்பி வர இன்னொரு 67 நிமிடம். சண்டையே போட முடியாது. இரண்டு நாள் மகள்மேல் கோபமாக இருந்தேன். பிறகு அந்த அத்தியாயத்தைக் கிழித்துவிட்டு மறுபடி எழுதினேன். பதிலுக்காகக் காத்திருக்க முடியாத அம்மா, மகள் என்ன சொல்லுவாள் என்று தானே ஊகித்து, அதற்கும் பதில் சொல்லி, அதற்கு மகள் கோபப்படுவாள் என்று அதையும் ஊகித்து, கடைசியில் தானே சமாதானமும் ஆகிவிடுவாள். அத்தனையும் ஒரே மூச்சில். முழு நாவலிலும் எனக்குப் பிடித்த பகுதி அதுதான். எழுதத் தொடங்குகிறவர்களுக்கு ஒன்று சொல்வேன்: அறிவியல் குறுக்கே வந்து நின்றால் அதை ஏமாற்றிவிட்டுப் போகப் பார்க்காதீர்கள். அந்தத் தடையிலிருந்துதான் பாத்திரம் பிறக்கிறது.

எழுதி முடித்து மூன்று பதிப்பகங்களுக்கு அனுப்பினேன். இரண்டிடமிருந்து பதிலே இல்லை. மூன்றாவது பதிப்பகம் எட்டு மாதம் கழித்து, அறிவியல் புனைகதைக்குத் தங்களிடம் வாசகர் குறைவு என்று மரியாதையாக ஒரு மின்னஞ்சல் அனுப்பியது. இப்போது நினைத்தால் அந்த எட்டு மாதம் ஒன்றுமே இல்லை. நல்ல பதிப்பகங்களில் கைப்பிரதி மேசையில் ஏற ஆறு மாதம் ஆவது சாதாரணம். ஆனால் எனக்கு அப்போது 43 வயது. என்னோடு படித்தவன் தன் கவிதைத் தொகுப்பை முகநூலில் போட்டு 400 பேர் வாழ்த்தியிருந்தார்கள். வயிற்றெரிச்சலை மறைத்து என்ன ஆகப்போகிறது.

அந்த நேரத்தில்தான், 'உங்கள் படைப்பு நூலாக வேண்டுமா?' என்ற விளம்பரம் போனில் வந்தது. பெயரைச் சொல்லப்போவதில்லை. 280 ஏ4 பக்கக் கைப்பிரதியை வெள்ளிக்கிழமை இரவு அனுப்பினேன். திங்கட்கிழமை காலை போன். "சார், படிக்க எடுத்தால் கீழே வைக்க முடியவில்லை. தேர்வுக் குழு ஒருமனதாக ஏற்றுக்கொண்டது. தமிழில் இப்படி ஒன்று வந்ததே இல்லை" என்றார் அந்தப் பக்கத்தில் பேசியவர். கடையில் வாடிக்கையாளர் நின்றுகொண்டிருந்தார். நான் தெருவில் இறங்கிப் போய்ப் பேசினேன். கண் கலங்கிவிட்டது, மறைப்பதற்கில்லை. நாவலில் என்ன பிடித்தது என்று கேட்டேன். முதல் அத்தியாயத்தில் வரும் புயலைச் சொன்னார். வேறு? "எல்லாமே சார்." அங்கேயே எனக்கு மணி அடித்திருக்க வேண்டும். 280 பக்கத்தைத் தேர்வுக் குழு முழுதும் சனி, ஞாயிறில் படித்ததாம்! கைப்பிரதியைப் புகழ்ந்து யாராவது போன் செய்தால், கடைசி அத்தியாயத்தைப் பற்றி ஒரு கேள்வி கேளுங்கள். அந்த ஒரு கேள்வி எனக்கு 45,000 ரூபாயை மிச்சப்படுத்தியிருக்கும்.

45,000 என்பது முதல் தவணை. "உங்கள் பங்களிப்பு" என்று அதற்குப் பெயர். 500 பிரதி அச்சடிப்போம், கடைகளுக்கு அனுப்புவோம், விற்பனையில் பங்கு தருவோம் என்றார்கள். என் மனைவியின் இரண்டு பவுன் சங்கிலியை அடகு வைத்தேன். கடைக்குப் புதிய எடைக்கற்கள் வாங்க வேண்டும் என்று அவளிடம் பொய் சொன்னேன். ஒப்பந்தம் நான்கு பக்கம், ஆங்கிலத்தில். தராசுக் கம்பெனிகளின் ஆங்கிலக் கையேடுகளை வரி விடாமல் படிக்கிறவன் நான். அந்த நான்கு பக்கத்தை மட்டும் படிக்கவில்லை. கடை மேசையில், மண்டிக்காரர் ஒருவரின் 50 கிலோ தராசுக்குப் பக்கத்தில் வைத்துக் கையெழுத்துப் போட்டேன்.

அதில் என்ன இருந்தது என்று ஒன்றரை ஆண்டு கழித்து ஒரு வழக்கறிஞர் படித்துச் சொன்னார். உலகம் முழுவதும், எல்லா மொழிகளிலும், எல்லா ஊடகங்களிலும், காப்புரிமைக் காலம் முழுவதற்கும் உரிமை பதிப்பகத்துக்கு. நம் நாட்டில் காப்புரிமைக் காலம் என்பது எழுதியவரின் ஆயுளும் அவர் இறந்த பிறகு 60 ஆண்டுகளும். அதாவது என் மகளுக்குப் பேரன் பிறந்து, அவன் இதைப் படமாக எடுக்க விரும்பினாலும் அவர்களிடம் போய் நிற்க வேண்டும். 1957-ஆம் ஆண்டு காப்புரிமைச் சட்டத்தின் 19-ஆம் பிரிவை ஒருமுறையாவது படித்துவிட்டுக் கையெழுத்துப் போடுங்கள். உரிமை மாற்றம் எழுத்தில் இருக்க வேண்டும். எந்த உரிமை, எவ்வளவு காலம், எந்த நிலப்பரப்பு, எவ்வளவு தொகை என்று குறிப்பிட வேண்டும். காலம் குறிப்பிடாவிட்டால் 5 ஆண்டுகள் என்றுதான் சட்டம் எடுத்துக்கொள்ளும். நிலப்பரப்பு குறிப்பிடாவிட்டால் இந்தியா மட்டும். நான் ஒன்றும் எழுதாத வெள்ளைத் தாளில் கையெழுத்துப் போட்டிருந்தால்கூட இதைவிடப் பாதுகாப்பாக இருந்திருப்பேன் என்றார் வழக்கறிஞர். சிரித்துக்கொண்டுதான் சொன்னார்.

இன்றைக்கு என்னிடம் யாராவது ஒப்பந்தத்தை நீட்டினால் தமிழ் அச்சு உரிமை மட்டும், அதுவும் மூன்று அல்லது ஐந்து ஆண்டுக்கு என்று எழுதச் சொல்வேன். மின்னூல், ஒலிநூல், மொழிபெயர்ப்பு, திரைப்படம் எல்லாம் தனித்தனி. எத்தனை பிரதி அச்சாகும் என்ற எண், அட்டை விலையில் எத்தனை சதவீதம் என்ற எண் (தமிழில் பொதுவாகப் பேசப்படுவது பத்து), கணக்கு எந்த மாதம் வரும், வராவிட்டால் ஒப்பந்தம் எப்படி முடியும், எல்லாம் தாளில் இருக்க வேண்டும். போனில் சொன்னதெல்லாம் காற்றோடு சரி.

செப்டம்பரில் மெய்ப்பு, அதாவது அச்சுக்குப் போகும் முன் பிழை பார்க்கும் படி, வந்தது. பார்த்துத் திருப்பி அனுப்ப இரண்டு நாள் அவகாசம். முதல் பக்கத்தைத் திறந்ததும் எனக்குத் தலை சுற்றியது. 'டைட்டன் 120 கோடி மஅ தொலைவில் இருந்தது' என்று இருந்தது. மூன்றாம் பக்கத்தில், 'பூமியில் 70 மப எடை காட்டியவள் இங்கே 10 மப மட்டுமே காட்டினாள்.' என்னடா இது என்று அரை மணி நேரம் விழித்துவிட்டுத்தான் புரிந்தது. நான் யூனிகோடில் தட்டச்சு செய்து, கிலோமீட்டருக்கும் கிலோகிராமுக்கும் km, kg என்று ஆங்கிலச் சுருக்கம் போட்டிருந்தேன். அவர்கள் தமிழை மட்டும் பாமினி என்ற பழைய எழுத்துருவுக்கு மாற்றிவிட்டு, ஆங்கில எழுத்துகளையும் அதே எழுத்துருவில் விட்டுவிட்டார்கள். பாமினியில் அந்த எழுத்துகள் தமிழாகத் தெரியும். கிலோமீட்டர் 'மஅ' ஆகிவிட்டது, கிலோகிராம் 'மப' ஆகிவிட்டது. நான் யார்? எடைக்காரன். என் புத்தகத்தில் கிலோவுக்கு இந்தக் கதி!

பக்கம் வடிவமைத்த பெண்ணை போனில் பிடித்தேன். "அண்ணா, அது உங்கள் கிரகத்து மொழி என்று நினைத்துக்கொண்டேன்" என்றாள் பாவம். அவள்மேல் கோபப்பட முடியவில்லை. மாதத்துக்கு எத்தனை புத்தகம் வடிவமைக்கிறாள் என்று கேட்டேன், "முப்பது, முப்பத்தைந்து" என்றாள். 212 இடங்களைக் குறித்து அனுப்பினேன். 12,000 ரூபாய் மெய்ப்புத் திருத்தக் கட்டணம் என்றார்கள். அதையும் கட்டினேன். அச்சில் வந்த புத்தகத்தில் 60-க்கும் மேல் அப்படியே இருந்தன. அறிவியல் கதை எழுதுகிறவர்கள் இதைக் குறித்து வைத்துக்கொள்ளுங்கள்: அலகுகளைத் தமிழிலேயே எழுதுங்கள், ஆங்கில எழுத்து, அடுக்குக்குறி, டிகிரிக் குறி இருக்கும் இடங்களைத் தனித்தாளில் பட்டியல் போட்டு வடிவமைப்பாளரிடம் கொடுங்கள். கடைசி பிடிஎஃப் கோப்பில் நீங்கள் ஒப்புதல் எழுதித் தராமல் அச்சுக்குப் போகக் கூடாது என்று ஒப்பந்தத்திலேயே ஒரு வரி சேருங்கள்.

அட்டைக்குத் தனியாக 8,000 கேட்டார்கள். சனியின் வளையங்கள் பின்னணியில் இருக்க, முன்னால் ஒரு தட்டுத் தராசு தொங்க வேண்டும் என்று சொல்லியிருந்தேன். பதிப்பாளரே பேசினார். "சார், அட்டையில் சனி வேண்டாம். யாரும் வீட்டுக்கு எடுத்துப் போக மாட்டார்கள். பாதிப் பேருக்கு ஏழரை நடக்கிறது" என்றார். பின்னட்டைக் குறிப்பில் இருந்த 'சனியின் நிலா' என்பதையும் 'தொலைதூர நிலா' என்று மாற்றிவிட்டார். வந்த அட்டையில் சிவப்பாகச் செவ்வாய், அதன்மேல் ஒரு ராக்கெட், மூலையில் கைகட்டி நிற்கும் ஒரு ரோபோ. நாவலில் ரோபோவே கிடையாது. டைட்டனின் தரையில் நின்று அண்ணாந்து பார்த்தால் ஆரஞ்சு நிறப் புகைமூட்டத்தில் சனி கண்ணுக்குத் தெரியாது என்பது உண்மைதான். அப்படிச் சொல்லித்தான் என்னை நானே தேற்றிக்கொண்டேன்.

அடுத்து, நூலின் அடையாள எண்ணான ஐ.எஸ்.பி.என்.னுக்கும் காப்புரிமைப் பதிவுக்கும் சேர்த்து 5,000. இதுதான் இன்றைக்கும் வயிறு எரிய வைப்பது. ஐ.எஸ்.பி.என். நம் நாட்டில் இலவசம். கல்வி அமைச்சகத்தின் கீழ் இருக்கும் ராஜா ராம்மோகன் ராய் பெயரிலான முகமை கொடுக்கிறது. பதிப்பகம் வேண்டுமென்று இல்லை, எழுதியவரே இணையத்தில் விண்ணப்பிக்கலாம். காப்புரிமையோ நீங்கள் எழுதிய நொடியிலேயே உங்களுடையது, பதிவு கட்டாயமில்லை. பதிவு வேண்டுமென்றால் இலக்கியப் படைப்புக்கு அரசுக் கட்டணம் 500 ரூபாய். என் நாவலை அவர்கள் பதிவு செய்யவே இல்லை என்பது பிறகு தெரிந்தது.

2023 ஜனவரி, சென்னைப் புத்தகக் காட்சி. வெளியீட்டு விழா அரங்கத்துக்கும் நினைவுப் பரிசுகளுக்கும் 15,000. காட்சியில் 'அலமாரி இடம்' பிடிக்க 6,500. இரவு ரயிலில் மனைவி, மகளோடு போய் இறங்கினேன். சங்கிலி விஷயம் அதற்குள் வீட்டில் தெரிந்துவிட்டிருந்தது. ரயிலில் மனைவி மூன்று மணி நேரம் பேசவில்லை, பிறகு எலுமிச்சைச் சாதத்தைப் பிரித்துக் கொடுத்தாள். அதற்கு என்ன அர்த்தம் என்று இருபது ஆண்டு குடும்பம் நடத்தியவர்களுக்குத் தெரியும். ஒரே மேடையில் அன்று எங்கள் ஒன்பது பேரின் நூல்கள் வெளியாயின. ஆளுக்கு எட்டு நிமிடம். சிறப்பு விருந்தினர் அட்டையைப் பார்த்துவிட்டு, "செவ்வாய் கிரகத்தைப் பற்றிய அற்புதமான நாவல்" என்று பேசினார். என் மகள் கீழே இருந்து வாயைப் பொத்திக்கொண்டாள். மதியம் நந்தனம் ஒய்.எம்.சி.ஏ. மைதானத்துக்குப் போய்ப் பதிப்பகத்தின் அரங்கைத் தேடிக் கண்டுபிடித்தேன். என் நாவல் இரண்டு பிரதி, அடித்தட்டில், சிறுதானியச் சமையல் புத்தகங்களுக்குப் பின்னால் இருந்தது. யாரும் பார்க்காதபோது எடுத்து முன்னால் வைத்தேன். நான்கு மணி நேரம் பக்கத்தில் நின்றேன். ஒரு கல்லூரிப் பையன் மட்டும் எடுத்து, பின்னட்டையைப் படித்து, வைத்துவிட்டுப் போனான். புத்தகம் வைத்த இடத்தில் திரும்ப வைக்காமல் மேல் தட்டில் வைத்துவிட்டுப் போனானே, அந்தப் பையனை இன்றும் வாழ்த்துகிறேன்.

வீட்டுக்கு 260 பிரதிகள் வந்தன. மீதி 240 'விநியோகத்தில்' இருப்பதாகச் சொன்னார்கள். கணக்கு கேட்டால் அடுத்த மாதம். ஒப்பந்தம் போட்டு ஒன்றரை ஆண்டு ஆகியும் பைசா வரவில்லை. பிறகு போனையும் எடுக்கவில்லை. 3,000 ரூபாய் செலவில் வழக்கறிஞர் நோட்டீஸ் அனுப்பினார். அப்போதுதான் மொத்தமே 300 பிரதிதான் அச்சானது என்று தெரிந்தது. வழக்கறிஞர் இன்னொன்றையும் பிடித்தார். 19-ஆம் பிரிவிலேயே, உரிமையை வாங்கியவர் ஓராண்டுக்குள் அதைப் பயன்படுத்தாவிட்டால், ஒப்பந்தத்தில் வேறுவிதமாகச் சொல்லப்படாத வரை, அந்த உரிமை காலாவதி ஆகிவிடும் என்று இருக்கிறது. ஒலிநூலும் மொழிபெயர்ப்பும் அவர்கள் தொட்டே பார்க்கவில்லை. சொன்ன 500 பிரதியும் அச்சடிக்கவில்லை. 2024 மார்ச்சில் எல்லா உரிமைகளையும் திருப்பித் தருவதாக ஒரு பக்கக் கடிதம் வந்தது. பணம் திரும்பவில்லை. வழக்குப் போடலாம் என்றார் வழக்கறிஞர். அலைய எனக்குத் தெம்பில்லை.

கணக்கு இதுதான். கொடுத்தது 91,500, நோட்டீஸ் 3,000, ஆக 94,500. நானே கைப்பட விற்றது 83 பிரதி, ஒன்று 200 ரூபாய் வீதம் 16,600. போனது 77,900. அடகு வட்டியை இதில் சேர்க்கவில்லை, சேர்க்கத் தைரியம் இல்லை. இலவசமாகக் கொடுத்தது 41. சொந்தக்காரர்கள் வாங்கியதை விற்பனை என்று சொல்லலாமா என்பதும் ஒரு கேள்வி. கல்யாண மொய் போலத்தான் கொடுத்தார்கள், பிரித்துப் பார்த்தவர்கள் குறைவு.

இதில் எனக்கு அதிகம் வலித்த இடம் பணம் அல்ல. எங்கள் ஊரில் பணி ஓய்வு பெற்ற நூலகர் அக்கா ஒருவர் இருக்கிறார். சிறு வயதில் எனக்கு வாரப் பத்திரிகைத் தொடர்களைக் கட்டித் தைத்த தொகுதிகளாக எடுத்துக் கொடுத்தவர். அவருக்கு ஒரு பிரதி கொடுத்திருந்தேன். மூன்று வாரம் கழித்துத் திருப்பிக் கொடுத்தார். 47-ஆம் பக்கத்தின் ஓரத்தில் பென்சிலால் ஒரு சின்னப் புள்ளி. "இங்கேதான் தம்பி நான் தூங்கிப்போனேன். மறுநாள் எடுத்தேன், மறுபடியும் இதே இடத்தில் தூங்கிவிட்டேன்" என்றார். 47-ஆம் பக்கத்தில் டைட்டனின் வளிமண்டலத்தைப் பற்றி விளக்கியிருந்தேன். எத்தனை சதவீதம் நைட்ரஜன், எவ்வளவு மீத்தேன், அழுத்தம் ஏன் அதிகம், ஈர்ப்பு ஏன் குறைவு, மூன்று பக்கத்துக்கு. அவ்வளவும் சரியான தகவல். "நாவல் என்று சொல்லித்தானே கொடுத்தாய்? பத்தாம் வகுப்புப் பாடம் என்று முன்பே சொல்லியிருந்தால் குறிப்பெடுத்திருப்பேன்" என்றார். 91,500 ரூபாய் வாங்கிக்கொண்டவர்களில் ஒருவரும் இந்தப் புள்ளியை வைக்கவில்லை. அவர்கள் 47-ஆம் பக்கம் வரை வரவே இல்லை.

அக்காவோடு உட்கார்ந்து பேசினேன். அவருக்கு அறிவியல் தெரியாது என்பார், ஆனால் கேட்ட கேள்வி கூர்மையானது: "அங்கே ஐம்பது வருடமாகக் குடியிருக்கிறவர்கள் 'மீத்தேன் மழைப்பொழிவு' என்றா சொல்வார்கள்? நாம் தூறல், சாரல், அடைமழை என்று எத்தனை பெயர் வைத்திருக்கிறோம்?" அங்கே துளிகள் ஒரு சென்டிமீட்டர் அளவுக்குக்கூடப் பெரியதாக இருக்கலாம், பனி விழுவதுபோல மிதந்து மிதந்து இறங்கும். நாவலை இரண்டாம் முறை எழுதும்போது, என் டைட்டன்வாசிகள் அதற்கு 'மெதுமழை' என்று பெயர் வைத்தார்கள். ஒரு சொல் வந்ததும் ஒரு பக்க விளக்கம் உதிர்ந்துவிட்டது. கலைச்சொல் அகராதியைப் பார்த்து எழுதுவது கதை எழுதுகிறவர் தானே பேசும்போது சரி. பாத்திரங்கள் வீட்டுச் சொற்களில்தான் பேச வேண்டும்.

ஈர்ப்பை விளக்கிய பக்கத்தையும் எடுத்துவிட்டு அந்த இடத்தில் ஒரு மண்டிக்காரரைக் கொண்டுவந்தேன். அவர் கடையில் இரண்டு தராசு. ஒன்று பூமியில் முத்திரையிட்டுக் கொண்டுவந்த சுருள்வில் தராசு. ஏழு கிலோ சரக்கை அது அங்கே ஒரு கிலோ என்றுதான் காட்டும். இன்னொன்று தட்டுத் தராசு. ஈர்ப்பு குறைந்தால் சரக்கின் பக்கமும் படிக்கல்லின் பக்கமும் ஒரே அளவில் குறையும், அதனால் எங்கே கொண்டுபோனாலும் சரியாகக் காட்டும். புதிதாகக் கப்பலில் வந்து இறங்குகிறவர்களிடம் சரக்கு வாங்கும்போது மண்டிக்காரர் சுருள்வில்லில் எடை போடுவார். விற்கும்போது தட்டில். யாரும் கதையில் ஈர்ப்பைப் பற்றி வாயே திறப்பதில்லை. படிக்கிறவர்கள் தாங்களே கண்டுபிடித்துச் சிரிக்கிறார்கள். என் தொழிலிலிருந்து இருபது ஆண்டாகக் கண்ணெதிரே தொங்கிக்கொண்டிருந்த விஷயம் இது. அச்சான நாவலில் நான் இதை எழுதவே இல்லை. இணையத்தில் தேடிய விஷயங்களைத்தான் அள்ளிக் கொட்டியிருந்தேன்.

இந்த மண்டிக்காரரைத் தனிச் சிறுகதையாக்கி ஒரு இதழுக்கு அனுப்பினேன். ஐந்து மாதம் கழித்து ஏற்றுக்கொண்டார்கள். ஆசிரியர் எட்டு இடங்களில் திருத்தம் கேட்டார். கடைசிப் பத்தியை எடுத்துவிடச் சொன்னார். என்னிடம் ஒரு ரூபாய் கேட்கவில்லை. பிரசுரமானதும் 2,000 ரூபாய் வந்தது. எடைபோட்டுப் பார்க்க ஆசையாக இருந்தது, வங்கிக் கணக்கில் வந்ததால் முடியவில்லை. இது முன்பே நடந்திருக்க வேண்டியது. நான் நாவலில் தொடங்கியதே தவறு என்று இப்போது தோன்றுகிறது. சிறுகதைகளுக்கு இதழ்களும் போட்டிகளும் இருக்கின்றன. அரூ இணைய இதழ் 2019-இல் அறிவியல் சிறுகதைகளுக்கென்றே போட்டி நடத்தியது. அப்போது நான் நாவலில் மூழ்கிக் கிடந்ததால் கவனிக்கவே இல்லை. ஒரு எச்சரிக்கை மட்டும். கதையை அவசரப்பட்டு முகநூலில் போட்டுவிடாதீர்கள். வேறெங்கும் வெளிவராத கதையா என்று இதழ்கள் கேட்கும், முகநூல் பதிவும் வெளியீடுதான். என்னிடமிருந்த மூன்று நல்ல கதைகளை அப்படித்தான் வீணடித்தேன், கதைக்கு முப்பது விருப்பக்குறிக்காக.

அமெரிக்காவில் அறிவியல் புனைகதைக்காரர்கள் இந்த விஷயத்தில் கெட்டிக்காரர்கள் என்று பிறகு படித்தேன். 1965-இல் தொடங்கிய அவர்கள் சங்கம் ஒரு சொல்லுக்குக் குறைந்தது 8 சென்ட் என்று தொழில்முறைக் கூலியே வகுத்து வைத்திருக்கிறது. 1998 முதல் 'ரைட்டர் பிவேர்' என்று ஒரு பிரிவு, காசு பிடுங்கும் பதிப்பகங்களைப் பற்றி எச்சரித்துக்கொண்டே இருக்கிறது. 2004-இல் அவர்களில் சிலர் சேர்ந்து வேண்டுமென்றே படுமோசமாக ஒரு நாவல் எழுதினார்கள். ஓர் அத்தியாயத்தையே காணோம், ஒரே அத்தியாயம் இரண்டு இடத்தில் வரும், இன்னொன்றைக் கணினியை விட்டுக் கன்னாபின்னாவென்று உருவாக்கினார்கள். தேர்ந்தெடுத்துத்தான் நூல் போடுவதாகச் சொல்லிக்கொண்ட ஒரு பதிப்பகத்துக்கு அனுப்பினார்கள். ஏற்றுக்கொள்ளப்பட்டது! குட்டு வெளிப்பட்டதும்தான் பதிப்பகம் பின்வாங்கியது. இதைப் படித்த இரவு தனியாகச் சிரித்தேன். என் நாவலைத் தேர்ந்தெடுத்த அந்தக் குழு ஞாபகம் வந்து சிரிப்பு பாதியில் நின்றது.

காசு கொடுத்துப் புத்தகம் போடுவதே பாவம் என்று நான் சொல்ல மாட்டேன். அச்சகத்துக்குக் கூலி கொடுத்து அச்சடித்தால் புத்தகமும் உரிமையும் நம்முடையவை. பதிப்பகம் என்று பெயர் வைத்துக்கொண்டு கூலியையும் உரிமையையும் சேர்த்து வாங்குகிறவர்களிடம்தான் வம்பு. இந்த நாட்டுக்கே காலண்டர் அச்சடிக்கும் சிவகாசி எங்கள் மாவட்டத்தில் இருக்கிறது. எல்லாம் முடிந்த பிறகு ஒருநாள் பஸ் ஏறிப் போய் ஒரு அச்சகத்தில் விசாரித்தேன். டெமி என்னும் வழக்கமான நாவல் அளவு, 336 பக்கம், 70 ஜிஎஸ்எம் கனத் தாள், பல வண்ண அட்டை, 300 பிரதி: 34,000 ரூபாய் என்றார். டீ வாங்கிக் கொடுத்தார். நான் எவ்வளவு கொடுத்தேன் என்று அவரிடம் சொல்லவில்லை. அமேசானின் மின்னூல் தளமான கிண்டிலிலோ காசே இல்லை. தமிழ் நூல்களை நேரடியாக ஏற்ற 2016 இறுதியிலிருந்து வழி இருக்கிறது. 90 நாள் மின்னூலை வேறெங்கும் தரக் கூடாது என்ற அவர்களின் தனித்திட்டத்தில் சேர்வதா வேண்டாமா என்பதை மட்டும் படித்துவிட்டு முடிவு செய்யுங்கள். உரிமை திரும்பியதும் திருத்திய வடிவத்தை நானே ஏற்றினேன். ஓராண்டில் 640 ரூபாய் வந்திருக்கிறது. அட்டை மகள் வரைந்தது. பெரிதாக, வளையங்களோடு, சனி.

மாடிப்படிக்குக் கீழே இருப்பவற்றை என்ன செய்வது என்று வெகுநாள் தெரியவில்லை. பழைய பேப்பர் கடையில் எடைக்குப் போடலாம் என்றாள் மனைவி, "தராசு நம்முடையதுதானே, ஏமாற்ற மாட்டார்கள்." இப்போது ஞாயிற்றுக்கிழமை மதியங்களில் ஒரு பிரதியை எடுத்துவைத்துக்கொண்டு, கறுப்பு மைப் பேனாவால் ஒவ்வொரு 'மஅ'வையும் அடித்து மேலே 'கி.மீ.' என்று எழுதுகிறேன். 'மப'வை 'கிலோ' ஆக்குகிறேன். 47-ஆம் பக்கம் வந்தால் மூன்று பக்கத்துக்கும் குறுக்கே ஒரு கோடு. ஒரு பிரதிக்கு நாற்பது நிமிடம் ஆகிறது. இதுவரை 22 முடிந்திருக்கின்றன.